சிமெண்ட் கையும் வெள்ளைக் களிம்பும்

திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் நிற்கும் மூன்று மாடி லாட்ஜ் நான் கட்டியது. சிமெண்டுக்கு பர்மிட் வாங்க ஆபீஸ் ஆபீஸாக நடக்க வேண்டியிருந்த காலம். பர்மிட் வந்தால் மணல் வராது, மணல் வந்தால் கிணற்றில் தண்ணீர் இருக்காது, மூன்றும் சேர்ந்து வந்த அன்றைக்குக் கொத்தனாருக்குக் காய்ச்சல் வரும். தீபத்துக்கு நாலு நாள் முன்னால் முதலாளி கையில் சாவியைக் கொடுத்தேன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பதினோரு அறைகளும் நான் கட்டியவைதான். அவர்கள் கடல் தாண்டி வந்து தேடுகிற அமைதிக்கு ஒன்பது அங்குலச் சுவர் வேண்டும் என்பது எனக்குத்தான் தெரிந்திருந்தது. ஒரு மதில்சுவர் கட்டினேன். அது சாய்ந்துவிடும் என்று இரண்டு இன்ஜினியர்கள் எழுத்திலேயே கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் ரிட்டையர் ஆகிவிட்டார்கள், மதில் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. வேங்கிக்கால் பக்கம் முள்ளுக்காடாகக் கிடந்தபோது அங்கே எனக்கென்று ஒரு வீடு எழுப்பினேன். "நரிக்கா வாடகைக்கு வுடப் போறே?" என்று சிரித்தவர்கள், ஆபீஸெல்லாம் அந்தப் பக்கம் வந்த பிறகு, "அண்ணே, பக்கத்துல ஒரு மனை இருந்தா சொல்லுங்கண்ணே" என்று என்னிடமே வந்தார்கள்.

இவ்வளவும் செய்தவன் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. பன்னிரண்டு வயதில் கலவைச் சட்டி தூக்க வந்தேன், பதினெட்டில் பூச்சுக் கரண்டி பிடித்தேன், இருபத்தைந்தில் மேஸ்திரி, அதற்குப் பிறகு கான்ட்ராக்டர். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் சிமெண்ட் ஒட்டியிருக்கிறதென்று நானே பிடித்திருக்க மாட்டேன்.

ஆனால் என் ஆயுளில் என்னை அதிகமாகத் திணறடித்த வேலை இரண்டரை அடி உயரம்தான் இருந்தது. என் மகளின் தோல்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பெண். அவள் பிறக்கும் வரை எங்களுக்குப் பிள்ளை வரம் வாங்கித் தர ஊரில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். பிறந்த பிறகும் அவர்களுக்கு வேலை போய்விடவில்லை. ஆறாம் மாதம் கன்னம் இரண்டும் சிவந்து தடித்தன. ஒரு வயதில் முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து. தோல் காய்ந்து, செதில் செதிலாக எழும்பி, அதை அவள் பிறாண்டிப் பிறாண்டி நீர் கசியும். ஒன்றரை வயதில் அவளுக்கு நாலே வார்த்தை தெரியும். அதில் ஒன்று "அய்க்குது". அரிக்கிறதாம். பிள்ளைகள் அம்மா, அப்பா, பால், பூனை என்று கற்றுக்கொள்ளும் வயதில் என் மகள் அதைக் கற்றுக்கொண்டாள்.

கரப்பான் என்று தெரு முழுவதும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. திருவண்ணாமலையில் மலையைச் சுற்ற வருகிறவர்களை விட வைத்தியம் சொல்ல வருகிறவர்கள் ஜாஸ்தி. கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, சோளம் கூடாது, பாகற்காய் கூடாது. குழந்தை இதையெல்லாம் தின்னவில்லையே என்றால், தாய் தின்னக்கூடாதாம். என் மனைவி எட்டு மாதம் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் தின்று இளைத்துப்போனாள். குழந்தையின் கரப்பான் மட்டும் நன்றாகத் தின்று வளர்ந்தது.

குளிப்பாட்டும் இலாகா என் அக்காவிடம் இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள், அடுத்த தெருவில் குடியிருந்தாள். எங்கள் சொந்தத்தில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் என்பதால், அந்த விஷயத்தில் அவள் வாக்குக்கு மேல் வாக்கு கிடையாது. காலை ஒன்பது மணிக்கு வருவாள். அவள் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதுமே குழந்தை அழ ஆரம்பித்துவிடும். நான் அந்நேரம் வேலைக்குப் போயிருப்பேன். அதனால் அந்தக் குளியலை நான் கண்ணால் பார்த்ததில்லை. அழுகையைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. "கொழந்தைன்னா குளிக்கும்போது அழத்தான்டா செய்யும்" என்று அக்கா சொல்வாள். நானும் தலையாட்டுவேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் என் மகள் ஓடி வருவாள். அந்த ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். இடுப்பை ஆட்டிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எங்கேயாவது முட்டிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கும். நான் வாசலிலேயே குனிந்து தூக்கிக்கொள்வேன். சட்டையில் சிமெண்ட் தூசி, தலையில் தூசி, கை பாளம் பாளமாக வெடித்து உப்புக் காகிதம் போல இருக்கும். அந்தக் கையால் கன்னத்தைத் தடவுவேன். அவள் முகத்தை என் சட்டையில் தேய்த்துக்கொள்வாள். அரிப்புக்கு அது சுகமாக இருந்திருக்கும் போல. "பாத்தியா, அப்பான்னா எவ்ளோ பாசம்" என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை மூன்று வாரம் பர்மிட் சிமெண்ட் வரவில்லை. வேலை நின்றது. நான் ஆபீஸ் வாசல்களில் வெள்ளைச் சட்டையோடு நின்றேன், வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன். அந்த மூன்று வாரத்தில் குழந்தையின் கன்னம் மட்டும் கொஞ்சம் தெளிந்தது. அந்தச் சமயத்தில்தான் என் அக்கா ஒரு பிரார்த்தனை செய்திருந்தாள். தோல் வியாதிக்குக் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெல்லம் தண்ணீரில் கரைகிற மாதிரி வியாதியும் கரைய வேண்டுமாம். குழந்தைக்குச் சரியானால் அவள் எடைக்கு வெல்லம் கரைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கன்னம் தெளிந்ததும், "பாத்தியா, வேண்டிக்கிட்டதுக்கே வேலை செய்யுது" என்றாள். சிமெண்ட் வந்தது. நான் வேலைக்குப் போனேன். நாலே நாளில் கன்னம் பழையபடி ஆயிற்று. "மனசுக்குள்ள நீ சந்தேகப்பட்டிருப்பே" என்று பழியையும் என் தலையில் போட்டாள். பழி சரியான தலைக்குத்தான் வந்திருந்தது, ஆனால் காரணம் வேறு.

அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி. அவள் வாயைத் திறக்காமல் கணக்குப் போடுகிறவள். ஒரு நாள் என்னிடம், "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களும் வரணும்" என்றாள்.

"நான் எதுக்கு? எனக்கா அரிக்குது?"

"வரணும்னு சொன்னேன்."

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. கறாரான மனுஷி. குழந்தையை மேசையில் நிறுத்தி, மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பாவா? என்ன வேலை?"

"பில்டிங் கான்ட்ராக்ட்டுங்க" என்றேன்.

"மேஸ்திரிங்க. இன்னும் அவரே கரண்டி பிடிக்கறாருங்க" என்றாள் என் மனைவி, யாரும் கேட்காமலே.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் கூட நான் இவ்வளவு அடக்கமாகக் கை நீட்டியதில்லை. டாக்டரம்மா என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்புகளுக்குள் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் போய் உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கையால தொட்டா எனக்கே சொறி வரும். இவ தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கு. தோலுக்குள்ள ஈரமே நிக்கல. அதுல நீங்க தினமும் சிமிட்டி பூசறீங்க. வேலைய முடிச்சா குளிச்சு, துணிய மாத்திட்டுத்தான் கொழந்தைகிட்ட வரணும். கை வழவழன்னு ஆகற வரைக்கும் அவளத் தொடவே வேணாம்."

ஒரு வெள்ளைக் களிம்பு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் களிம்புக்கு நாமே டப்பா கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய டின்னிலிருந்து தட்டைக் கத்தியால் எடுத்து நம் டப்பாவில் வழித்துப் போடுவார். எனக்கு அந்த ஜன்னலில் நின்றபோது நன்றாக இருந்தது. கலவை, கரண்டி, பூச்சு. இந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்குப் புரிந்த பாஷை பேசிய ஒரே இடம் அதுதான். "அந்தம்மா கைக்கும் சேத்துப் போடச் சொல்லிருக்காங்க" என்று கம்பவுண்டர் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் தண்டனை. ஊருக்கெல்லாம் கூரை போட்டவன் சொந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் நான் வந்ததும் என் மகள் இடுப்பை ஆட்டிக்கொண்டு ஓடி வருவாள். என் மனைவி பின்னால் ஓடி வந்து, அவள் என்னைத் தொடுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் போலீஸ் பிடித்தவன் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பேன். குழந்தை அவள் தோளுக்கு மேல் என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழும். குளித்து, வேட்டி மாற்றி வந்தாலும் கை அந்தக் கைதானே? தூர உட்கார்ந்து பார்க்கத்தான் அனுமதி. எட்டு நாளில் அவள் என்னிடம் ஓடி வருவதை நிறுத்திவிட்டாள். வாசலில் நான் வந்து நின்றால், விளையாடிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்தே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவுதான். ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பெண்.

சரி, அவளுக்கு நன்றாகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால் நன்றாகவில்லை. கன்னம் கொஞ்சம் தேறியது. கையும் காலும் முன்பை விட மோசம். பத்து நாள் கழித்து அக்கா சொல்லிவிட்டாள்: "இந்த வெள்ளைக்காரன் வெண்ணெயெல்லாம் நம்ம ஒடம்புக்கு ஒத்துக்காது. தூக்கிப் போடுங்க. வேலூருக்குப் போற வழியில ஒருத்தர் பச்சிலை அரைச்சுப் பூசறாராம். மொத ரெண்டு நாள் எரியுமாம். அப்புறம் தோலே உரிஞ்சு புதுசா வந்துடுமாம்."

தோல் உரிந்து புதுசாக வர இவள் என்ன பாம்பா என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். வாயால் கேட்கவில்லை. அக்காவிடம் வாய் திறக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான். வெள்ளிக்கிழமை குழந்தையைப் பச்சிலைக்காரரிடம் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

அதற்கு முன்தினம் சாரத்தில் கால் பிசகி நான் வீட்டில் இருந்தேன். அன்றைக்குத்தான் என் மகளின் குளியலை முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன்.

அண்டாவில் தண்ணீர் ஆவி பறக்கக் கொதித்தது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் வேறு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அக்கா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குப்புறப் போட்டுக்கொண்டாள். பயத்தமாவை அள்ளிப் பரபரவென்று தேய்த்தாள். அழுக்கு திரண்டு வருகிறது என்று காட்டினாள். அது அழுக்கு இல்லை, தோல். பிறகு சொம்பு சொம்பாகச் சுடு தண்ணீர். குழந்தை செவசெவவென்று ஆனது. அப்புறம் கொரகொரவென்று ஒரு துண்டால் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துவட்டினாள். சாம்பிராணிப் புகையில் முன்னும் பின்னும் காட்டினாள். அதற்கு மேல் பவுடர், கழுத்து மடிப்பு வரை. எல்லாம் முடிந்து, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருக்கும்போது, டப்பாவைத் திறந்து மோதிர விரலால் களிம்பைத் தொட்டு, முழங்கையில் ஒரு பொட்டு, முழங்காலில் ஒரு பொட்டு வைத்தாள். குங்குமம் வைக்கிற மாதிரி. அது பவுடரோடு சேர்ந்து காய்ந்த சுண்ணாம்பாகத் திரண்டு உதிர்ந்தது.

இருபது வருஷம் நான் செய்த வேலை என்ன? கரண்டி வேலை எல்லாருக்கும் தெரியும். பூசின சுவருக்கு எத்தனை நாள் தண்ணீர் காட்டுவது என்பதில்தான் மேஸ்திரி யார் என்று தெரியும். கூரை காங்கிரீட்டின் மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். தூணுக்குக் கோணியைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருப்போம். இந்த மலை வெயிலில் ஒரு மத்தியானம் மறந்தால் போதும், மயிர் மயிராக வெடிப்பு விட்டுவிடும். என் கண் முன்னால் என் மகளுக்குப் பூசி, கொதிக்க வைத்து, துடைத்து, புகை போட்டு, வெடிக்க விட்டிருக்கிறார்கள். அவள் முழங்கால் மடிப்பைப் பார்த்தேன். தண்ணீர் காட்டாத சுவர் எப்படி வெடிக்குமோ அப்படியே இருந்தது.

ஒற்றைக் காலில் எழுந்து நின்றேன்.

"அக்கா, ரூஃப் போட்ட மறுநாள் தண்ணி நிறுத்தாம வெயில்ல காய வுட்டு, மேல பவுடரக் கொட்டினா இன்னா ஆவும்?"

"எனக்கு இன்னாடா தெரியும்? நான் இன்னா உன் சித்தாளா?"

"வெடிக்கும்."

"அதுக்கு? உன் பொண்ணு இன்னா மொட்டமாடியா?"

"ஈரத்தோட பூசணும்க்கா. துவட்டாம. பூசறதும் பொட்டு வெக்கற மாதிரி இல்ல, செவுத்துக்குப் பூசற மாதிரி. மூலை முடுக்கு வுடாம."

"ஈரத்தோட பசை வெச்சா நெஞ்சுல சளி கட்டும்டா. நாலு புள்ளய ஆளாக்கினவ சொல்றேன்."

"நாலு புள்ளைக்கும் தோல் இருந்துச்சு. இவளுக்கு இல்ல."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகத்துக்கு நேரே நான் பேசியது அதுதான் முதல் தடவை. தெருவில் ரெண்டு வீட்டு ஜன்னல் திறந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் ஜன்னல் திறக்கத் தவறாது.

"அவ்ளோ தெரிஞ்சவன் நீயே குளிப்பாட்டிக்க. சொம்பப் புடி" என்று சொம்பை என் காலடியில் வைத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நான் தோற்பதைப் பார்க்காமல் எப்படிப் போவாள்?

என் மனைவி அண்டாவில் பச்சைத் தண்ணீரைக் கலந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள்: "நீங்க களிம்பு வாங்கப் போனப்போ டாக்டரம்மாவும் அத்தத்தான் சொன்னாங்க. வெதுவெதுன்னு ஊத்தி, ஒத்தியெடுத்து, ஈரம் காயறதுக்குள்ள பூசணும்னு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? உங்க அக்காகிட்டயா?"

நான் சொம்பை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன்.

மறுநாள் பச்சிலைக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தாரோ என்னவோ, நாங்கள் போகவில்லை. சொம்பு கைமாறிய அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று. நான் தொடக்கூடாது என்பதால் நான் மேஸ்திரி, என் மனைவி கொத்தனார். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று தினமும் ரெண்டு குடம் நல்ல தண்ணீர் சைக்கிளில் கட்டி நானே கொண்டுவந்தேன், பிசகின காலோடு. பயத்தமாவு கிடையாது. ரெண்டே நிமிஷம் குளியல். என் பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணி, அதால் ஒத்தியெடுப்பு. உடனே களிம்பு. "கழுத்துல கம்மியாப் போச்சு பாரு. அந்த மடிப்ப விரிச்சு உள்ள வை. அழுத்தித் தேய்க்காதே, மேலருந்து கீழ இழு" என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை வாங்கினேன்.

"சித்தாளுக்கு டீ உண்டா மேஸ்திரி?" என்று அவள் கேட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என் மனைவி அன்றைக்குத்தான் கேலி பேசினாள்.

களிம்புக்கு மேல் அந்த வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து கையிலும் காலிலும் சுற்றச் சொன்னது என் சொந்த யோசனை. தூணுக்குக் கோணி சுற்றுகிறோமே, அதே. வாசலிலிருந்து அக்கா, "பொணத்துக்குச் சுத்தற மாதிரி சுத்தறான் பாவி" என்றாள். மத்தியானம் ஒரு மணிக்குக் குழந்தை தூங்கினாள். மூன்றரை மணி வரைக்கும் எழவில்லை. பகலில் அவள் தொடர்ந்து அரை மணி தூங்கியே நாங்கள் பார்த்ததில்லை. மூச்சு இருக்கிறதா என்று என் மனைவி ரெண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை அக்கா வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் வராமல் வீட்டுக்குப் போனாள். (அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இந்தத் துணி விஷயத்தைச் சொன்னபோது டாக்டரம்மா, "அப்படியும் செய்யறதுண்டு, நல்லதுதான்" என்று சொன்னார். செய்வதுண்டாம். அப்படியானால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மூன்றாம் வகுப்புக்காரன் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார் போல.)

இனி என் கை. அதைச் சரிசெய்வது குழந்தையின் தோலை விடக் கஷ்டமாக இருந்தது. வேலை முடிந்ததும் கழுவி, அதே களிம்பைப் பூசிக்கொண்டு, ரெண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சைட்டில் கேலி தாங்கவில்லை. "மேஸ்திரி கையில கரண்டி வழுக்குதாம். இனிமே பூவால பூசுவாரு" என்று ஒருத்தன் சொன்னால், "கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்காரு, மருதாணி எப்போ மேஸ்திரி?" என்பான் இன்னொருத்தன். கலவையைக் கையால் அள்ளுவதை விட்டேன். கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வேலை செய்த முதல் மேஸ்திரி இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமைதோறும் என் மனைவி இன்ஸ்பெக்‌ஷன் செய்வாள். என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள்.

"சொரசொரங்குது. ஃபெயிலு."

"எங்க? இங்க பாரு, வழவழன்னு இருக்கு."

"சுண்டு விரலுக்குக் கீழ. அடுத்த வாரம் பாக்கலாம்."

மூன்றாம் வகுப்பில் வாங்கிய ஃபெயிலை விட இந்த ஃபெயில்கள் ஜாஸ்தி. ஐந்தாவது சனிக்கிழமை அவள் என் கையைக் கொஞ்ச நேரம் கன்னத்திலேயே வைத்திருந்தாள். பிறகு களிம்பு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

குழந்தை குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றிருந்தாள். அதற்குள் அவள் மடிப்புகளில் கசிவு நின்று, தோல் வெளிறிய ரோஸ் நிறத்தில் மூடியிருந்தது. நான் கிட்டே போனதும் அவள் பின்னால் நகர்ந்தாள். என் கையைப் பார்த்தாள். அந்தக் கை அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் முட்டி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, அப்படியே வைத்திருந்தேன். கல் உடைத்தவன், மண் சுமந்தவன், ரெண்டு இன்ஜினியர் எழுத்துக்குப் பயப்படாதவன், ஒன்றரை வயசுக் குழந்தை என்ன சொல்லுமோ என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. "சீக்கிரம்" என்றாள் என் மனைவி. நான் அவசரப்படவில்லை. அவள்தான் வர வேண்டும்.

வந்தாள். என் உள்ளங்கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், அடுப்பு சுடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். "அய்க்குது" என்றாள். அரிக்கவில்லை. முதுகில் ஒன்றும் இல்லை. பூசச் சொன்னாள், அவ்வளவுதான்.

பூசினேன். நான் பூசினதிலேயே நல்ல பூச்சு அது. ஒரு தடம் விழவில்லை.

கரப்பான் அன்றோடு ஓடிவிடவில்லை. மார்கழியிலும் சித்திரையிலும் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு தடவையும் அதே வெதுவெதுப்பு, அதே ஈரம், அதே களிம்பு. அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் காலையில் பூசினது நான்தான். சைட்டுக்கு அரை மணி தாமதமாகப் போவேன். யார் கேட்டாலும் "பூச்சு வேலை இருந்துச்சு" என்பேன். பொய் இல்லையே.

என் மகள் நான்கு வயதில் தெளிந்து நின்றபோது நடந்ததுதான் விசேஷம். என் அக்கா பதினாலு கிலோ வெல்லம் வாங்கிக் கோயில் குளத்தில் கரைத்தாள். வெல்லம் கரைந்தது, வியாதி கரைந்தது என்று தெருவுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தாள். என் மனைவி டாக்டரம்மாவுக்கு ஒரு தட்டு நிறைய பூவும் பழமும் கொண்டுபோய், "உங்களாலதாங்க" என்று கண் கலங்கினாள். டாக்டரம்மா, "நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க. அம்மாவோட பொறுமைதான் மருந்து" என்று அவளுக்குத் திருப்பிக் கொடுத்தார். கம்பவுண்டர்கூட, "நம்ம களிம்புன்னா சும்மாவா?" என்று ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். என்னிடம் கம்பவுண்டர் கேட்டது ஒன்றுதான்: "கை எப்டி இருக்கு மேஸ்திரி?"

இப்போது என் மகளுக்கே ரெண்டு பிள்ளைகள். அதில் சின்னவனுக்கு அதே மடிப்பு, அதே சிவப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "எனக்கும் சின்ன வயசுல இருந்துச்சாம். எங்கத்தை வெல்லம் கரைச்சு வேண்டிக்கிட்டாங்களாம். அம்மா டாக்டர்கிட்ட அலையா அலைஞ்சு சரி பண்ணினாங்களாம். எங்கப்பாவோட சிமிட்டிக் கையாலதான் ஜாஸ்தி ஆச்சாம்" என்று சிரித்தாள். சொல்லிக்கொண்டே தன் பிள்ளைக்கு, குளித்த ஈரம் காய்வதற்குள், மேலிருந்து கீழே இழுத்து, மடிப்பை விரித்து, தடம் விழாமல் பூசிக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஓட்டம் யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் எழுதியே வைக்கிறேன். நோயை ஜாஸ்தி ஆக்கியது என் கைதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வெல்லத்துக்கு ஒரு பங்கு, டாக்டரம்மாவுக்கு ஒரு பங்கு, என் மனைவிக்குப் பெரிய பங்கு, எல்லாம் சரி. ஆனால் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வாய் திறந்தது யார், ரெண்டு குடம் சைக்கிளில் சுமந்தது யார், ஈரத்துணி சுற்றச் சொன்னது யார், மூன்று வருஷம் தினமும் காலையில் பூசினது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டும். கெடுத்த கை என்று சொல்கிற அதே வாயால், அடுத்த மூச்சிலேயே, சரிசெய்த கையும் அதுதான் என்று என் மகள் சொல்ல வேண்டும். நான் உயிரோடு இருக்கும்போதே, என் காதில் விழும்படி.